வாகிமினின் பத்தொன்பது கண்கள்

கால்பந்து நடுவருக்குக் கண் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஓர் ஊருக்கு எவ்வளவு காலம் ஆகும்? சும்பர்வாரு ஊர் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. நடுவர் பாக் வாகிமினை, அதாவது வாகிமின் ஐயாவைப் பார்த்து ‘குருடா’ என்று கத்துவது அங்கே அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிற வழக்கம். அவருக்குப் பார்வை கழுகு மாதிரி இருந்த காலத்திலும் அப்படித்தான் கத்தினார்கள். ஆகவே வலது கண்ணில் பால் கலந்தாற்போல ஒரு மறைப்பு விழுந்து, பிறகு இடது கண்ணுக்கும் அது பரவியபோது மைதானத்தில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. ஒருநாள் கோல் கம்பத்தருகே மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். ஆடு எதிர்த்துப் பேசவில்லை. அன்றைக்கு ஆடியவர்களிலேயே ஒழுங்கானது அதுதான் என்று சிலர் ஒப்புக்கொண்டார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் அவர் மனைவி இபு லஸ்மினி, அதாவது லஸ்மினி அம்மா. தெருமுனையில் நிறுத்தியிருந்த புபாத்தியின் ஆளுயரப் படத்துக்கு வாகிமின் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, மாவட்டத்துக்கே தலைவர் என்றாலும் பதிலுக்கு ஒரு தலையசைப்புக்கூடவா கிடையாது என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். லஸ்மினி பொரித்துக்கொண்டிருந்த தெம்பேயை அப்படியே விட்டுவிட்டு அவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு மாவட்ட மருத்துவமனைக்குப் போனார்.

கண் மருத்துவர் நல்ல மனிதர். விளக்கை அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இன்னும் முற்றவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிடும், பிறகு யார் கத்தி வைத்தாலும் வெளிச்சம் வராது என்றார். மழைக்காலம் முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். எடுப்பது பெரிய வேலையில்லை, காலையில் வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். முகப்பில் போய் அனுமதி மட்டும் வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். ‘மட்டும்’ என்ற சொல்லை அவர் மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

முகப்பில் நுனிங் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேல் சேவைச் சங்கிலி வாரியத்தின் பலகை தொங்கியது. ‘கேட்டவர் காத்திருப்பார். காத்திருப்பவர் நகரமாட்டார்.’

வாரியம் வருவதற்கு முன்னால் சும்பர்வாருவில் காட்டுமிராண்டித்தனம் நிலவியது. மனுவைக் கொடுத்துவிட்டு ஜனங்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பதில் என்றைக்கோ ஒருநாள் வரும். கேட்டவனும் மறந்திருப்பான், சொல்பவனும் மறந்திருப்பான். வாரியம் அதை ஒழித்தது. இப்போது கேள்வியும் பதிலும் ஒரே மூச்சில் நடக்கின்றன. மருத்துவமனைக் கணினி காப்பீட்டு அலுவலகக் கணினியைக் கேட்கும். காப்பீட்டுக் கணினி, வாகிமின் என்பவர் வாகிமின்தானா என்று மக்கள் பதிவு அலுவலகத்தைக் கேட்கும். மக்கள் பதிவு, வட்டார ஒதுக்கீட்டு அறையில் இருக்கும் ஒரு கிழட்டுக் கணினியைக் கேட்கும். ஒதுக்கீட்டுக் கணினி இவர் பங்கிலிருந்து ஒரு கண்ணைக் கழித்து எழுதிக்கொண்டு ‘ஆயிற்று’ என்று சொல்லும். அந்த ‘ஆயிற்று’ வந்த வழியே படியேறி நுனிங்கின் திரைக்கு வந்து சேரும். இதில் வாரியம் பெருமைப்படுவது ஒன்றைத்தான்: பதில் வரும்வரை கேட்டவர் யாரும் வேறு எதையும் தொடாமல் நிற்பார்கள்.

“பட்டனை அமுக்கியாச்சு பாக்,” என்றாள் நுனிங். “இனிமே நீங்களும் அசையக்கூடாது, நானும் அசையக்கூடாது.”

அவள் கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டாள். திரையில் ஒரு வளையம் சுற்றியது. வரிசையில் பின்னால் நின்றவர்களும் சுற்றுகிற வளையத்தையே பார்த்தார்கள். தொண்டையில் மீன்முள் சிக்கிய ஒருவர் மட்டும் அனுமதியில்லாமல் இருமினார். பிறகு வளையம் நின்றது. ‘பதில் இல்லை. மீண்டும் முயல்க.’

நுனிங் மீண்டும் முயன்றாள். மீண்டும் பதில் இல்லை. நாளைக்கு வாருங்கள் பாக், இன்றைக்கு மழை, மழையில் பதில்கள் மெதுவாகத்தான் ஏறும் என்று ஆறுதல் சொன்னாள்.

அவளுக்கு வாகிமின்மேல் தனி மரியாதை உண்டு. அவள் தம்பி கையால் தட்டிவிட்ட கோலை வாகிமின் ஒருமுறை செல்லும் என்று ஊதியிருந்தார். அந்த நன்றியில் அவர் வராத நாட்களிலும் அவருக்காகப் பட்டனை அமுக்கினாள். காலையில் வேலை தொடங்குமுன் ஒருமுறை, தொழுகைக்குப் போகுமுன் ஒருமுறை, சில நாள் வீட்டுக்குக் கிளம்பிக் கைப்பையைத் தோளில் மாட்டிய பிறகு மனம் கேட்காமல் திரும்பி வந்தும் ஒருமுறை. வாகிமினுக்கு இந்த உலகத்தில் கெடுதல் செய்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் யாருமே நுனிங் அளவுக்கு அன்போடு செய்ததில்லை.

மழை வலுத்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியரான வாகிமின், வகுப்புக்குப் பந்தைத் தொட்டுப் பார்த்து எடுத்துப்போகிற நிலைமைக்கு வந்தார். தனியார் மருத்துவமனைக்கும் போய்ப் பார்த்தார்கள். அங்கே இருந்த கணினியும் பளபளப்பான மேசைமேல் உட்கார்ந்துகொண்டு அதே சங்கிலியைத்தான் கேட்டது. கடைசியில் லஸ்மினி, நேராக வாரியத்துக்கே போவோம், மிஷினைக் கேட்டால் தானே பதில் வரவில்லை, மனுஷனைக் கேட்போம் என்று முடிவெடுத்தார்.

வாரியத்தில் மனிதர்கள் இருந்தார்கள். முதல் மாடி நடையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். முதல் அறை வாசலில் பாத்திக் சட்டை போட்ட ஓர் அதிகாரி புன்னகையோடு நின்றார். அறைக்குள் இருந்தவர் நாற்காலியை விட்டு எழுந்து அடுத்த அறையின் வாசலில் நின்றார். அந்த அறைக்காரர் அதற்கடுத்த வாசலில். கேள்வி கேட்டவர் நகரக்கூடாது என்ற விதி கணினிக்கு மட்டும் இருந்தால் அது பாரபட்சம் என்று வாரியம் அதை ஊழியர்களுக்கும் விரித்திருந்தது. கடைசி அறை பூட்டியிருந்தது. அதற்குரியவர் மகள் நிச்சயதார்த்தத்துக்காக ஸோலோ நகருக்குப் போயிருந்தார். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் எல்லோரும் ஏற்கெனவே ஒரு கேள்வியில் நின்றுகொண்டிருந்தார்கள். சிலருக்கு வீட்டிலிருந்து சாப்பாட்டு அடுக்கு வந்துகொண்டிருந்தது. நடுவில் நின்ற ஒருவருக்கு நின்றபடியே பதவி உயர்வு வந்திருந்தது. அதனால் அவர் இரண்டு வாசல் முன்னால் தள்ளி நின்றார்.

வழியெல்லாம் மழையில் வந்ததால் வாகிமினுக்கு அவசரம். கழிப்பறை எந்தப் பக்கம் என்று முதல் ஆளைக் கேட்டார்.

“அது என் பிரிவு இல்லை பாக்,” என்றார் அவர் மிகுந்த பணிவோடு. “கேட்டுச் சொல்றேன். இருங்க.”

கேட்க வேண்டிய ஆள் அவருக்கு முதுகைக் காட்டி நின்றார். வாகிமின் காலை மாற்றி மாற்றி வைத்தார். லஸ்மினி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பியபோது காவலாளி குறுக்கே வந்து, கேட்டுவிட்டுப் போவது மரியாதை இல்லை இபு என்றான்.

“நடு ரோட்டுல போனாலும் போகும் இந்த மனுஷனுக்கு, உன் பதில் வரட்டும்னு நிக்காது,” என்றார் லஸ்மினி. காவலாளி விதிப் புத்தகத்தை யோசித்துப் பார்த்தான். அதில் இதற்கு இடமில்லாததால் வழிவிட்டான். கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில், யாரையும் கேட்காமலே கிடைத்தது.

அந்தக் கொட்டகையில்தான் தானுவைச் சந்தித்தார்கள். சங்கிலியின் நிரலை எழுதியவன். கிராம்பு சிகரெட் பிடித்துக்கொண்டு, வானம் வெளுக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனை எதுவும் கேட்பதில்லை என்பதால் நாள் முழுவதும் அவனுக்கு ஓய்வு. லஸ்மினி விஷயத்தைச் சொன்னதும் குஷியாகிவிட்டான். தன் வேலையைப் பற்றி ஒருவர் விசாரித்தது அந்த வருஷத்தில் அதுவே முதல்முறை.

பதில் வராமல் போவதற்குக் காரணம் பொறுமை என்றான். ஒவ்வொரு கணினிக்கும் இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்று ஒரு பொறுமை வைக்க வேண்டும். முதலில் அவன் முறைப்படிதான் வைத்திருந்தான். முதலில் கேட்கிறவன் மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் காத்திருக்க வேண்டும், அப்போதுதான் கீழேயிருந்து படியேறி வருகிற பதிலை வாங்க ஆள் இருக்கும். ஆனால் அந்த வரைவு மரபுப் பிரிவுக்குப் போனது. மரபுப் பிரிவு என்பது, எந்த அதிகாரி எந்த நாற்காலியில் உட்காருவார், யார் கையை யார் முதலில் குலுக்குவார் என்று பார்க்கிற பிரிவு. அவர்கள் பதறிப்போனார்கள். மருத்துவமனை இயக்குநர் காப்பீட்டு மேலாளரைவிடப் பெரிய பதவி. காப்பீட்டு மேலாளர் மக்கள் பதிவு அலுவலரைவிடப் பெரிய பதவி. பெரியவர் சின்னவருக்காக அதிக நேரம் காத்திருப்பதா?

“அதனால பதவிப்படி வெச்சாச்சு பாக்,” என்றான் தானு. “இயக்குநரோட கம்ப்யூட்டர் ஒரு சலாம் சொல்லி முடிக்கற வரைக்கும்தான் நிக்கும். காப்பீடு இன்னும் கொஞ்சம் நிக்கும். மக்கள் பதிவு ஒரு டீ குடிக்கற நேரம் நிக்கும். கடைசியில இருக்கு பாருங்க ஒதுக்கீட்டு மிஷினு, அதுக்குப் பதவியே கிடையாது, அது காலம் பூரா நிக்கும். ஆனா அது யாரையும் கேக்க வேண்டியதில்ல.”

வாகிமின் இதை மெல்ல மென்று பார்த்தார். “அதாவது தம்பி, லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கறப்ப ரெஃபரி வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டிருக்கான்.”

“அதேதான். ஆனா கொடி தூக்கினது கணக்குல ஏறிடும்,” என்று சொன்ன தானு, சொன்ன பிறகு தானே கொஞ்சம் நின்று யோசித்தான். போனை எடுத்து எதையோ தட்டினான். சிகரெட் விரலைச் சுடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். “பாக், உங்களுக்கு இதுவரைக்கும் பத்தொன்பது கண் ஆபரேஷன் ஆயிருக்கு.”

“அவருக்கு இருக்கறதே ரெண்டு,” என்றார் லஸ்மினி.

“அதான் இபு பாக்கறேன். யாரோ இவர் மேல ரொம்பப் பிரியமா பட்டனை அமுக்கியிருக்காங்க.”

ஒதுக்கீட்டுக் கணினி ஒவ்வொரு முறையும் கடமை தவறாமல் ஒரு கண்ணை எழுதியிருந்தது. பதிலையும் அனுப்பியிருந்தது. பதில் மேலே போனபோது கேட்டவர்கள் யாரும் அங்கே இல்லை. இரண்டு கண்ணுக்கு மேல் கிடையாது என்று அது ஏன் சொல்லவில்லை என்று லஸ்மினி கேட்டார். தானு அதற்கும் மரபுப் பிரிவைத்தான் காட்டினான். கீழே இருப்பது மேலே இருப்பதற்கு ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது, ‘ஆயிற்று’ என்று மட்டுமே சொல்லலாம். ‘இல்லை’ சொல்வது பெரிய பதவிகளின் உரிமை.

சரி செய்ய முடியாதா என்று கேட்டார் வாகிமின். இரண்டு வரி மாற்றினால் போதும், சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்றான் தானு. பெரியவர் அதிக நேரம் காத்திருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். அதை அனுமதிக்க ஒரு பெரியவர் வேண்டும். அவ்வளவுதான். தானு அதைச் சொல்லும்போது வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தன் நிரல் இவ்வளவு துல்லியமாகத் தப்பு செய்கிறதே என்று உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது.

வாரியத் தலைவர் டாக்டராந்துஸ் ஹாஜி வித்யாத்மோகோ அவர்களை அடுத்த வாரம் சந்திக்க முடிந்தது. விசாலமான அறை. கேடயங்கள், கேடயங்களுக்கு அடியில் கேடயங்கள், ஒரு மீன் தொட்டி. அவர் இருவரையும் உட்காரவைத்து, டீ வரவழைத்து, வாகிமின் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பேசினார்.

“பாக் வாகிமின், நீங்க சொல்றதைக் கேட்டா எங்க சிஸ்டம் பதில் சொல்லலைன்னு ஒரு அர்த்தம் வருது. அது தப்பு. எங்க சிஸ்டம் இதுவரைக்கும் பதில் சொல்லாம இருந்ததே இல்ல. நூத்துக்கு நூறு. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் குடுத்திருக்கோம். வாங்கறதுக்கு ஆள் இல்லைன்னா அது சேவையோட குறையா, வாங்கறவங்க குறையா? நாங்க தபால்காரங்க மாதிரி. வீட்ல ஆள் இல்லைன்னா தபால்காரன் அழுவானா?”

வீட்டில் ஆள் இருந்தது, திண்டாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று லஸ்மினி சொல்ல வாயெடுத்தார். வாகிமின் அவர் கையை அழுத்தினார். தலைவர் தொடர்ந்தார்.

“பொறுமையை மாத்தணும்னு அந்தப் பையன் சொன்னானாமே. யோசிச்சுப் பாருங்க. புபாத்தி மாதிரிப் பெரியவங்க காத்திருந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க? இவங்களும் நம்மள மாதிரிதான்னு நினைச்சிட மாட்டாங்களா? அப்புறம் எதுக்கு அரசாங்கம்? ஜனங்களுக்குப் பொறுமை உண்டுங்கற நம்பிக்கையிலதான் நாங்க உக்காந்திருக்கோம்.”

ஆனாலும் அவர் கல்நெஞ்சர் இல்லை. பத்தொன்பதையும் ரத்து செய்துவிட்டால் கணக்கு சுத்தமாகிவிடும், பிறகு இரண்டு கண்ணுக்குப் புதிதாகக் கேட்கலாம் என்றார். ரத்து செய்யும் வசதி சங்கிலியில் இல்லைதான். அதனாலென்ன, சேர்த்துவிடலாம். தானு ஒரு மணி நேரத்தில் சேர்த்தான். திறப்பு விழாவுக்குத்தான் நாள் பார்க்க வேண்டியிருந்தது. மூங்கில் தட்டில் மஞ்சள் சோற்றைக் கூம்பாக அடுக்கி, உச்சியை வெட்டி வித்யாத்மோகோவுக்குக் கொடுத்து, நுனிங்கின் மேசையில் ‘ரத்து’ என்ற சிவப்புப் பட்டனுக்குக் கட்டியிருந்த நாடாவை அறுத்தார்கள். தானு வரவில்லை. யாரும் கேட்காமலே பதில் சொன்ன குற்றத்துக்காக அவன் போனிலிருந்து கணக்கைப் பார்க்கும் உரிமை பறிக்கப்பட்டு, அவன் விழா ஒலிபெருக்கிப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தான்.

நுனிங் பட்டனை அமுக்கினாள். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். வளையம் சுற்றியது. ‘பதில் இல்லை. மீண்டும் முயல்க.’

கைதட்டினார்கள்.

இப்போது நுனிங்குக்கு ஒரு சங்கடம். ஒருமுறை அமுக்கினால் ஒரு கண்தான் ரத்தாகும், பத்தொன்பது முறை அமுக்க வேண்டும். எத்தனை ரத்து கீழே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் சங்கிலியைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் பதில் வராது. நானே விரல்விட்டு எண்ணுகிறேன் என்றாள். எண்ணினாள். நடுவில் ஒருநாள் மின்சாரம் போனது. அப்போது அமுக்கியதை எண்ணுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒன்று குறைந்தால் பாக்குக்குக் கண் போய்விடும், ஒன்று கூடினால் என்ன மோசம் என்று, நல்லதற்கிருக்கட்டும் என்று கூட ஒன்று அமுக்கினாள். மறுநாள் தூக்கம் வராமல் வந்து இன்னும் ஒன்று. சாயங்கால வேலைக்கு வருகிற பெண்ணிடமும் இந்தப் பரிதாபக் கதையைச் சொன்னாள். அவளுக்கும் நல்ல மனசு.

ஒரு காலையில் வாரியத்தின் வெள்ளைக் கார் வாகிமின் வீட்டு வாசலில் நின்றது. அனுமதிதான் வந்துவிட்டது என்று லஸ்மினி ஓடினார். இறங்கிய அதிகாரி ஒரு பூங்கொத்தை நீட்டினார். பாக் வாகிமினின் கணக்கில் இப்போது மூன்று கண்கள் குறைவாக இருக்கின்றன. அதாவது, அரசிடம் அவர் வாங்கியதைவிட மூன்று கண் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். மாவட்ட வரலாற்றில் இப்படி ஒரு கண் தானம் நடந்ததே இல்லை. வாரிய ஆண்டுவிழாவில் புபாத்தியே வந்து கேடயம் தருகிறார்.

“கண்ணு அவர் மூஞ்சிலதாங்க இருக்கு,” என்றார் லஸ்மினி. “வந்து பாருங்க.”

அதிகாரி எட்டிப் பார்த்தார். கண்கள் இருந்தன. அவர் மரியாதையாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அது அவருடைய சொந்த விஷயம் இபு, பதிவில் வராது என்றார்.

அப்படியென்றால் புரை எடுக்கும் அனுமதி என்ன ஆயிற்று என்று வாகிமின் உள்ளேயிருந்து கேட்டார். கண் இல்லாதவருக்குக் கண் அறுவை செய்வது முறைகேடு, அதைச் சங்கிலி ஒருபோதும் அனுமதிக்காது என்றார் அதிகாரி. அதில் அவருக்கு உண்மையான பெருமை இருந்தது. அந்த வாரமே கால்பந்துச் சங்கம் வாகிமினின் நடுவர் உரிமத்தைத் திரும்பப் பெற்றது. மைதானத்தில் புதிதாக ஓர் இளைஞன் ஊதினான். முதல் ஆட்டத்திலேயே அவனையும் குருடன் என்று கத்தினார்கள்.

கண் மருத்துவரிடம் மறுபடி போனார்கள். அவர் விளக்கை அடித்துப் பார்த்தார். வலது கண் முடிந்துவிட்டது. இடது கண்ணில் இன்னும் வெளிச்சம் தெரிகிறது, ஆனால் அழுத்தம் ஏறத் தொடங்கிவிட்டது, இந்த வாரம் தாண்டாது என்றார். அனுமதி இல்லாமல் நீங்களே செய்துவிடக் கூடாதா என்று லஸ்மினி கேட்டார். அறுவை அறையின் கதவு, அனுமதி எண் தட்டினால்தான் திறக்கும். அது வாரியத்தின் மூன்றாம் ஆண்டுச் சாதனை.

“விழாவுக்குப் போங்க,” என்றார் மருத்துவர் மெதுவாக. “புபாத்தி ஒரு வார்த்தை சொன்னா கதவு திறக்கும். அவர் எதிர்ல உங்கள ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுவாங்க இல்ல? அப்பக் கேட்டுடுங்க.”

ஆக, இடது கண் ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றது. வாகிமின் அதை வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்தார். லஸ்மினி கேட்டுத் திருத்தினார். அழக்கூடாது, கும்பிடக்கூடாது, நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். நடுவர் ஊதுகிற மாதிரி ஒரே ஊதல் என்றார் வாகிமின்.

விழா மண்டபத்தில் வாரியத்தைப் பற்றிய படம் போடுவதற்காக ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்துவிட்டிருந்தார்கள். மேடைவிளக்குகள் வாகிமினின் இடது கண்ணில் மோர்த்துளிகள் மாதிரி மிதந்தன. முன்வரிசையில் மெத்தை இருக்கைகள். அங்கே புபாத்தி, மருத்துவமனை இயக்குநர், காப்பீட்டு மேலாளர், மக்கள் பதிவு அலுவலர், கடைசியில் வித்யாத்மோகோ. ஒவ்வொருவர் மடியிலும் பலகாரப் பெட்டி. கேடயத்தை வாங்கிய வாகிமினுக்கு அது எந்தப் பக்கம் நேர் என்று தெரியவில்லை. லஸ்மினி வாங்கி வைத்துக்கொண்டார். வித்யாத்மோகோ ஒலிவாங்கியைப் பிடித்து, நாட்டுக்கு மூன்று கண்களைக் கொடுத்த இந்தப் பெரியவரின் உள்ளம் இப்போது என்ன சொல்கிறது என்று கேட்டார்.

வாகிமின் எழுந்தார். லஸ்மினியின் தோளைப் பிடித்துக்கொண்டு, தரையில் கிடந்த மின்கம்பிகளைத் தாண்டி, ஒலிவாங்கியைக் கையால் தடவிக் கண்டுபிடித்தார்.

எடுத்த எடுப்பில் கேட்டுவிட முடியுமா? சும்பர்வாருவில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அவையில் இருக்கும் பெரியவர்களை ஒவ்வொருவராக, பட்டங்களோடு, பதவி வரிசையில் விளித்து வணங்கிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டாலும் கேட்டது கிடைக்காது. வாகிமின் பெயர்களை மனப்பாடம் செய்திருந்தார். பெருமதிப்புக்குரிய புபாத்தி அவர்களே என்று தொடங்கி, அவருடைய பட்டங்களையும் அவர் துணைவியாரையும் அவர் தலைமை தாங்கும் சங்கங்களையும் ஒன்றுவிடாமல் சொன்னார். புபாத்தி தலையசைத்து ஏற்றுக்கொண்டார். தன் பங்கு முடிந்தது, அடுத்து ஒரு பாலம் திறப்பு இருக்கிறது என்று உதவியாளர் காதில் சொல்ல, சத்தமில்லாமல் எழுந்து போனார்.

லஸ்மினி கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். சுருக்கமாகச் சொல்லச் சொல்கிறாள் என்று நினைத்த வாகிமின் அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு, மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களே என்றார். புபாத்தி போன பிறகும் இயக்குநர் கடைசிவரை உட்கார்ந்திருந்தால், தனக்குக் கீழே இருப்பவர்களைவிடப் பொறுமை குறைந்தவராக இருக்க வேண்டிய மரபு என்னாவது? தன் பெயர் முடியும்வரை இருந்துவிட்டு அவரும் எழுந்தார். காப்பீட்டு மேலாளர் கொஞ்சம் கூடுதலாக இருந்தார். மக்கள் பதிவு அலுவலர் பெட்டியிலிருந்த லெம்பர்ப் பலகாரம் ஒன்றைத் தின்று முடித்துவிட்டுப் போனார். விருந்தினரை வாசல்வரை வழியனுப்ப வித்யாத்மோகோ போனார். தலைவர்கள் போனதும் பின்வரிசைகள் கலைந்தன. காலடிச் சத்தத்தையெல்லாம் வாகிமின், ஜனங்கள் நெருங்கி வந்து உட்கார்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

பெயர்கள் முடிந்தன. அவர் தொண்டையைச் செருமினார்.

“ஐயா, நான் யாருக்கும் கண்ணு குடுக்கல. என் வலது கண்ணு போயிடுச்சு. அது பரவால்ல. இடது கண்ணு இன்னும் இருக்கு. இந்த வாரத்துக்குள்ள அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுவீங்களா?”

நன்றாகத்தான் கேட்டார். வீட்டில் ஒருமுறைகூட இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. கேட்டுவிட்டு, கைகளை முன்னால் கோத்து, அசையாமல் நின்றார்.

மண்டபம் அமைதியாக இருந்தது. பெரியவர் யோசிக்கிறார் போலிருக்கிறது. யோசிக்கட்டும். சற்றுப் பொறுத்து வாகிமின் பக்கவாட்டில் லேசாகத் தலையைச் சாய்த்தார்.

“இபு, என்ன சொல்றாரு?”

லஸ்மினி முன்வரிசையைப் பார்த்தார். மெத்தைகளில் அவர்கள் உட்கார்ந்து விழுந்த குழிகள் இன்னும் எழும்பவில்லை. பலகாரப் பெட்டிகள் திறந்தபடி கிடந்தன.

“இன்னும் ஒண்ணும் சொல்லல.”

“அவசரப்படுத்தாத.”

ஒலிபெருக்கிப் பிரிவில் இருந்த தானு கம்பியைச் சுருட்ட வந்தான். மேடையில் இன்னும் இருவர் நிற்பதைப் பார்த்தான். யாரென்று தெரிந்ததும் நெருங்கி வர அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கம்பியை அப்படியே விட்டுவிட்டு, மண்டபத்தைக் குறித்த நேரத்தில் ஒப்படைக்க வேண்டுமென்பதால் விளக்குகளை மட்டும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் போனான்.

வாகிமினின் கண்ணில் மிதந்துகொண்டிருந்த மோர்த்துளிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. அவர் கை லஸ்மினியைத் தேடியது.

“இபு. போயிடுச்சு.”

“கண்ணு இல்லங்க. லைட்டைத்தான் அணைச்சாங்க.”

“அப்ப கண்ணு இருக்கு.”

“இருக்கு.”

“அப்ப நிப்போம்,” என்றார் வாகிமின்.